டிவி செத்துப்போச்சா, லைட் மட்டும் போச்சா? ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க!

சத்தம் வருது, படம் வரல. ரிமோட்டில் வால்யூம் கூட்டினால் கூடுது, சேனல் மாத்தினால் மாறுது. திரை மட்டும் கறுப்பு. எல்இடி டிவி வாங்கிச் சில வருஷம் ஆன வீடுகளில் ரொம்பப் பழக்கமான புகார் இது. இந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? போனை எடுத்து ஆன்லைனில் புது டிவி ஆஃபர் தேடுவதுதான்.

கொஞ்சம் பொறுங்க. போன் கையில் இருக்கிறதல்லவா, அதில் டார்ச்சைப் போடுங்க. அறை விளக்கை அணைத்துவிட்டு, டிவியை ஆன் செய்து, ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்க. டார்ச்சை திரைக்கு ரொம்பப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்துப் பாருங்க. மெனு எழுத்துகள் மங்கலாக, நிழல் மாதிரி தெரிகிறதா? அப்படியென்றால் உங்கள் டிவி சாகவில்லை. படம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னால் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. சாதாரண 32 இன்ச் டிவிக்கு அந்த விளக்குப் பட்டையின் விலை சில நூறு ரூபாய். புது டிவியோ பல ஆயிரம்.

இந்த வித்தியாசம் டிவிக்குச் சொந்தக்காரருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. டிவியைத் திறந்து சோல்டரிங் அயர்னைப் பிடிக்கச் சொல்லவில்லை (அது ஏன் கூடாது என்று கீழே வருகிறது). என்ன கோளாறு என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போகச் சொல்கிறேன். ஏனென்றால் "பேனல் போச்சு தம்பி" என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாப் பேச்சுவார்த்தையும் முடிந்துவிடுகிறது. அது நிஜமா பொய்யா என்று பார்க்க நம்மிடம் எதுவும் இல்லை.

யாருக்கு இது பெரிய விஷயம்?

வேளச்சேரியில் ஐடி வேலை பார்ப்பவருக்கு டிவி போனால் ஒரு வீக் எண்ட் எரிச்சல், அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில் கதை வேற. இரும்பு உருக்காலை, ரோலிங் மில் என்று ஷிஃப்ட் பார்க்கும் தொழிலாளர்கள் அங்கே ஓர் அறையில் மூன்று நான்கு பேராகத் தங்குகிறார்கள். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு, ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. எல்லோரும் பங்கு போட்டு வாங்கிய, அல்லது ஒருவர் பெயரில் இஎம்ஐ போட்டு வாங்கிய 32 இன்ச் டிவிதான் அந்த அறையின் ஒரே பெரிய சொத்து. அறை மாறும்போது அது பைக்கில் பயணம் செய்யும். மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்தால் முதலில் கட்டில் மேல் ஏறுவதும் அதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை திருவள்ளூர் மாவட்டத்தையும் புரட்டிப்போட்டது. அரசு அப்போது குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. நனைந்த மெத்தை, ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் அடங்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட வீட்டில் "மாத்திடுங்க சார்" என்று ஈஸியாகச் சொல்லிவிட முடியாது.

உள்ளே என்னதான் இருக்கு?

நாம் எல்இடி டிவி என்று சொல்வது உண்மையில் எல்சிடி டிவிதான். முன்னால் இருக்கும் கண்ணாடி பேனலுக்குத் தானாக ஒளி கிடையாது. ஜன்னல் திரை மாதிரி அது ஒளியை விடும், அல்லது தடுக்கும். ஒளி பின்னாலிருந்து வர வேண்டும். அதற்காக டிவியின் முதுகுத் தகட்டில் நீளநீளமான பட்டைகளில் குட்டி எல்இடி விளக்குகளை ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன லென்ஸ். 32 இன்ச் டிவியில் பொதுவாக இரண்டு, மூன்று பட்டைகள். (ஓஎல்இடி டிவி தனி ரகம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை.)

இந்த விளக்குகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். கோயில் திருவிழாவுக்குப் போடும் பழைய சீரியல் செட் ஞாபகம் இருக்கா? ஒரு பல்பு ஃபியூஸ் ஆனால் மொத்த வரிசையும் அணைந்துவிடும். அதே கதைதான். ஒரே ஒரு எல்இடி போனாலும் மொத்தத் திரையும் இருட்டாகிவிடும். சில டிவிகளில் ஆன் செய்ததும் ஒன்றிரண்டு விநாடி படம் பளிச்சென்று வந்து, பிறகு கறுப்பாகும். விளக்குப் பட்டைக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர் கோளாறைக் கண்டுபிடித்து பாதுகாப்புக்காக நிறுத்திவிடுவதால் வருவது அது.

சரி, ஏன் போகிறது? சூடுதான் முதல் காரணம். டிவியைப் பெட்டியிலிருந்து எடுத்த நாளிலிருந்து பிரைட்னஸ் 100-லேயே ஓடும் வீடுகள் ஏராளம். ஷோரூமில் கண்ணைப் பறிக்க வைத்திருக்கும் 'விவிட்' மோடிலேயே வீட்டிலும் ஓட்டுகிறோம். மதியம் 40 டிகிரி வெயில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுவரோடு ஒட்டி மாட்டிய டிவி, எல்லாம் சேர்ந்தால் அந்தக் குட்டி விளக்குகள் என்ன செய்யும்? செட்டிங்ஸில் பேக்லைட் என்று தனியாக ஒன்று இருக்கும், அதைப் பாதி அளவுக்கு இறக்கி வைத்தாலே ஆயுள் கூடும். இதற்குச் செலவு பூஜ்யம்.

பட்டையை மாற்றுவது சுலபமா? பாகம் மலிவு, வேலை நுணுக்கமானது. விளக்குகளை எட்ட வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் கண்ணாடிப் பேனலைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். அதன் ஓரத்தில் காகிதம் மாதிரி மெல்லிய ஃபிலிம் இணைப்புகள் தொங்கும். ஒன்று கிழிந்தாலும் திரையில் நிரந்தரக் கோடு. ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கினால் கண்ணாடி 'டக்'கென்று விரிசல் விடும். சில நூறு ரூபாய் ரிப்பேரைப் பல ஆயிரம் ரூபாய் நஷ்டமாக மாற்ற ஒரு நொடி போதும். அதனால்தான் இந்த வேலையைத் தினமும் செய்யும் கை வேண்டும்.

கடையில் ஒன்றைக் கவனியுங்க. சிலர் போன எல்இடியை மட்டும் ஒயர் வைத்து ஷார்ட் செய்து தருவார்கள். டிவி எரியும், ஆனால் அந்த இடம் மட்டும் மங்கலாக இருக்கும். அதே வயசுள்ள அடுத்த எல்இடி எப்போ போகும் என்று யாருக்கும் தெரியாது. நல்ல மெக்கானிக் எல்லாப் பட்டைகளையும் சேர்த்து மாற்றுவார், முடிந்தால் கரன்ட்டையும் கொஞ்சம் குறைத்து விடுவார். "ஃபுல் செட் மாத்துறீங்களா, ஒண்ணு மட்டுமா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்க.

டார்ச் அடிச்சும் எதுவும் தெரியலையா?

ஸ்டாண்ட்பை விளக்கே எரியவில்லை என்றால் முதலில் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்க. சிரிக்காதீங்க, பிளக் பாயின்ட்தான் குற்றவாளி என்று தெரியவரும் வீடுகளும் உண்டு. ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் நுனியை போன் கேமரா முன் நீட்டிப் பட்டனை அழுத்துங்க. பெரும்பாலான போன்களில் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி கேமராவில் மினுக்கும். திரையில் 'நோ சிக்னல்' என்று வந்தால் டிவி நலமாக இருக்கிறது, பிரச்சினை செட்டாப் பாக்ஸிலோ ஹெச்டிஎம்ஐ கேபிளிலோ. லோகோவிலேயே நின்றுவிட்டால் பல நேரம் அது சாஃப்ட்வேர் கோளாறு.

பிளக்கில் கரன்ட் வருகிறது, டிவியில் உயிரே இல்லை என்றால் சந்தேகம் பவர் போர்டு மேல். ஃபியூஸ், மின் ஏற்றத்தைத் தாங்கும் பாகம், உப்பிப்போன கெப்பாசிட்டர் என்று பாகம் பாகமாகச் சரிசெய்யக்கூடிய இடம் அது. கரன்ட் போய்த் திரும்ப வரும்போது ஏற்படும் திடீர் ஏற்றமும், இடியும்தான் இதற்குப் பெரிய எதிரிகள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் ஆன்டெனாவிலிருந்தோ கேபிளிலிருந்தோ வரும் ஒயர் வழியாகவும் அது உள்ளே வரும், ஹெச்டிஎம்ஐ போர்ட்டை எரித்துவிட்டுப் போகும். அதையும் கழற்றுங்க.

இந்த போர்டுக்காகத்தான் 'நீங்களே திறக்காதீங்க' என்று சொல்கிறேன். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது 325 வோல்ட் அளவுக்குப் போகும், சில மாடல்களில் 400 வோல்ட் வரை. அதைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜோடு இருக்கலாம். யூடியூப் வீடியோவில் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த கெப்பாசிட்டரைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் டெமோ காட்டுவதில்லை. வெள்ளத்தில் நனைந்த டிவியையும் "எரியுதான்னு பார்ப்போம்" என்று ஆன் செய்யக் கூடாது. நன்றாகக் காயவைத்து, மெக்கானிக் திறந்து பார்த்த பிறகுதான் பிளக்.

பேனல்: உண்மையான சாவு

திரையில் சிலந்தி வலை மாதிரி விரிசல், மை கொட்டியதுபோல் கறை. இது தெரிந்தால் வாதாட வேண்டாம், பேனல் போய்விட்டது. டிவியின் தயாரிப்புச் செலவில் பாதிக்கும் மேல் பேனலுக்குத்தான் போகிறது. பேனல் வாங்கி மாட்டும் செலவும் புது டிவி விலையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். செங்குத்துக் கோடுகள், பாதித் திரை மட்டும் தெரிவது எல்லாம் நடுவில் நிற்கும் கேஸ்கள். டி-கான் என்ற சிறிய போர்டு காரணமாக இருந்தால் பிழைக்கும், பேனல் ஓரத்து ஃபிலிம் இணைப்பு என்றால் அதை ஒட்டுவதற்கான மெஷின் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும்.

இந்த ஃபிலிம் இணைப்பைக் கொல்வதில் நம் பங்கும் உண்டு. பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது, கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராகத் திரையில் அடிக்கிறோம். அது வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும், சரியாக அந்த இணைப்புகள் இருக்கும் இடத்துக்கு. இரண்டு நாளில் கோடு விழும். துணியை லேசாக நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. அறை மாறும்போது டிவியைப் படுக்கவைத்து மடியில் வைக்காமல், நிறுத்தியே பிடிக்கணும், விரலால் திரையை அழுத்தாமல். வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியும் தெர்மாகோலும் பரணில் கிடக்கட்டும், இடத்தை அடைத்தாலும் பரவாயில்லை.

மெக்கானிக் எங்கே போனார்?

2006-ல் தமிழ்நாடு அரசு இலவச கலர் டிவி திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான 14 இன்ச் டிவிகள் வீடுகளுக்குப் போயின. எல்லாம் படக்குழாய் வைத்த பெட்டி டிவிகள். அவை பழுதானபோது தெருமுனை மெக்கானிக் ஒரு மல்டிமீட்டரையும் சோல்டரிங் அயர்னையும் வைத்துக்கொண்டு சமாளித்தார். டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர், ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும் பொதுப் பாகங்கள்.

இப்போது அதே மெக்கானிக்கின் மேஜையில் இருப்பது வேறு விளையாட்டு. ஒரே கம்பெனியின் ஒரே 32 இன்ச் டிவியிலேயே மாடலுக்கு மாடல் பட்டையின் நீளமும் எல்இடி எண்ணிக்கையும் மாறும், 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பதும் மாறும். சர்க்யூட் படம் கம்பெனி கொடுக்காது. அதனால் கும்மிடிப்பூண்டி மெக்கானிக் பழைய பட்டையை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு லோக்கல் ரயிலில் மூர் மார்க்கெட் வந்திறங்கி, அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் போய்க் கடை கடையாக "இதுக்கு மேட்ச் இருக்காண்ணா?" என்று கேட்க வேண்டும். போக வர ஒரு நாள் வேலை போச்சு. "ரெண்டு நாள் ஆகும்" என்று அவர் சொல்வது எப்போதும் சாக்கு இல்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒருபக்கம் ஸ்ரீபெரும்புதூர், அங்கே சாம்சங் டிவி தயாரிக்கிறது. இன்னொரு பக்கம் திருப்பதி, அங்கே டிக்ஸன் நிறுவனம் பல பிராண்டுகளுக்கு டிவி செய்து கொடுக்கிறது. இரண்டும் ஒரு பகல் பயண தூரம்கூட இல்லை. டிவி பிறக்கும் ஊர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, அந்த டிவிக்கு ஒரு விளக்குப் பட்டை தேடி அலைகிறோம்! பேனலும் பெரும்பாலும் இறக்குமதிதான். தயாரிப்பாளர்களுக்குச் செலவு குறைய வேண்டும் என்று 2025 பட்ஜெட்டில் ஓப்பன் செல் பேனலுக்கான பாகங்கள் மீதான சுங்க வரியை மத்திய அரசு நீக்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் ரிப்பேர் பில்லுக்கும் அதே 18 சதவீதம்தான். புதுசு வாங்குவதற்குக் கிடைத்த சலுகை, பழசைக் காப்பாற்றுவதற்குக் கிடைக்கவில்லை.

ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. டிவி கம்பெனிகள் பவர் சப்ளை, இணைப்பு போர்ட்கள், பெரிய கெப்பாசிட்டர்கள் போன்ற பாகங்களைக் குறைந்தது 7 வருஷத்துக்கு ரிப்பேர் செய்பவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். அதே வருஷம் பிரான்ஸ், டிவி விற்கும் இடத்திலேயே அதை ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மார்க் போட்டு ஒட்டச் சொன்னது. ஆஸ்திரியா 2022-ல் தொடங்கிய திட்டத்தில் மின்சாதன ரிப்பேர் பில்லில் பாதியை, 200 யூரோ வரை, அரசே கொடுத்தது. ஒன்றரைக் கோடி டிவி கொடுத்த மாநிலத்துக்கு ரிப்பேர் கூப்பன் என்பது அப்படியொன்றும் விசித்திரமான யோசனை இல்லை.

இந்தியாவில்? 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. கம்பெனிகள் சர்வீஸ் சென்டர், வாரன்டி, உதிரிபாக விவரங்களை அதில் போடலாம். 'போடலாம்' என்பதைக் கவனியுங்க. 2025-ல் ஒரு குழு ரிப்பேர் குறியீடு கொண்டுவரப் பரிந்துரைத்தது, முதலில் ஸ்மார்ட்போன், டேப்லெட்டுக்கு. டிவி வரிசையில் பின்னால் நிற்கிறது. என் கருத்தில் டிவிதான் முன்னால் வந்திருக்க வேண்டும். ஒருவர் போனை மாற்றும் வேகத்தில் ஒரு குடும்பம் டிவியை மாற்றாது, மாற்றவும் முடியாது.

டிவி வாங்கும் நாளில் கடையில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "வாரன்டி முடிஞ்சதும் இதுக்கு பேக்லைட் ஸ்ட்ரிப் எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்?" சேல்ஸ் பையன் முழிப்பான், பாவம். ஆயிரம் பேர் கேட்டால் மேலே இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும். வாரன்டிக்குள் இருக்கும் டிவியை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே திறக்காதீங்க. கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் திருவள்ளூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்குள் விலை கொடுத்து வாங்கிய பொருளென்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பில் மட்டும் பத்திரம்.

செத்த டிவி எங்கே போகுது?

சுற்றிச் சுற்றி இதே ஊருக்குத்தான் வருகிறது என்பது கொஞ்சம் கசப்பான விஷயம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொழிற்சாலைகளின் அபாயகரக் கழிவைப் புதைக்கும் மையம் இருக்கிறது, மின்கழிவு மறுசுழற்சி தொழிலும் நடக்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள்படி, கம்பெனிகள் தாங்கள் விற்ற பொருளுக்கு ஈடாகக் குறிப்பிட்ட அளவு கழிவை மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழ் காட்ட வேண்டும். அந்த விதிகளில் பழுதுபார்த்து மறுபடி பயன்பாட்டுக்கு விடுபவர்களுக்கும் இடம் உண்டு. ஆனால் நம் தெருவில் வரும் தள்ளுவண்டிக்காரரிடம் போகும் டிவி எந்தக் கணக்கிலும் வராது. உடைத்து, ஒயரைக் கொளுத்தி, தாமிரத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை எங்கேயோ கொட்டுவார்கள். எல்இடிக்கு முந்தைய பழைய எல்சிடி டிவிகளில் பாதரசம் உள்ள மெல்லிய டியூப் லைட்டுகள் வேறு இருக்கும்.

அதனால் பேனலே உடைந்த டிவியாக இருந்தாலும் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் பக்கத்து மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேளுங்க. அதில் இருக்கும் பவர் போர்டு, மெயின் போர்டு, ஸ்பீக்கர், நல்ல நிலையில் உள்ள விளக்குப் பட்டைகள் எல்லாம் அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவர் வீட்டில் ஓடும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடையும் அவருக்கு மிச்சம், எனவே எடைக்குப் போட்டால் கிடைப்பதைவிட நல்ல விலைக்கே எடுத்துக்கொள்வார்.